சம்பந்தியும் கண் சொட்டு மருந்தும்

நான் அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பாட்டில் தொழிற்சாலையில் இதை நம்புகிற ஆள் ஒருத்தர்கூட இல்லை. வாசல் காவலாளியிலிருந்து லாரியில் பெட்டி ஏற்றுகிறவர் வரை எல்லோருக்கும் நான் அழுகிறவள். அந்தப் பட்டத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் என் சம்பந்தி.

என் மகளை அவள் மகனுக்குக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்பே பதினோரு வருடம் நாங்கள் இருவரும் ஒரே மேசையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அந்தக் காலத்தில் அவளை எனக்குப் பிடித்திருந்தது என்று வேறு சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. பிடித்ததால்தான் பெண்ணைக் கொடுத்தேன். கூட வேலை பார்க்கிறவளைச் சம்பந்தியாக்கிக்கொள்ளாதே என்று அன்றைக்கு யாராவது என் காதைத் திருகிச் சொல்லியிருக்கலாம். ஒருத்தரும் சொல்லவில்லை, எல்லோரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

எங்கள் வேலை பார்ப்பது. வேறொன்றும் இல்லை, பார்ப்பது மட்டும்தான். உலையில் வெந்து, ஆறி, மருந்து பாட்டில்கள் ஓடும் பட்டையில் வரிசையாக வரும். எதிரே வெள்ளை விளக்குப் பலகை. அந்த வெளிச்சத்தில் விரிசலோ குமிழியோ கழுத்துக் கோணலோ தெரிந்தால் விரலால் தட்டிக் கீழே இருக்கும் தொட்டியில் விழச் செய்ய வேண்டும். பன்னிரண்டு பாட்டில், ஒரு சின்ன இடைவெளி, மறுபடி பன்னிரண்டு. கண்ணைச் சிமிட்டுவது அந்த இடைவெளியில் மட்டும். எங்கும் எழுதி ஒட்டிய விதி இல்லை இது, ஆனால் மேசையில் இருக்கிற பதினான்கு பேரும் அப்படித்தான். நாள்பட நாள்பட இடைவெளியில்கூடச் சிமிட்டத் தோன்றாது. நான் நான்கு டஜன் வரை சிமிட்டாமல் இருப்பேன். சம்பந்தி ஐந்து டஜன். அந்த ஒரு டஜனுக்காக அவள் தலை எப்போதும் நிமிர்ந்தே இருக்கும்.

போதாததற்குத் தலைக்கு மேலே குளிர்காற்றுக் குழாய். அதன் வாய் சரியாக என் நாற்காலியைப் பார்த்து இருக்கிறது.

நான்கு மாதத்துக்கு முன் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்த ஆரம்பித்தது. கழுவினேன், போகவில்லை. சாயங்காலம் ஆனால் எரிச்சல். பிறகு ஒரு நாள், மூன்றாவது டஜன் பாட்டில் போய்க்கொண்டிருந்தபோது, இரண்டு கண்ணிலிருந்தும் கடகடவென்று தண்ணீர் கொட்டியது. கையால் துடைத்தேன். சம்பந்தி தன் கைக்குட்டையை நீட்டினாள். நீட்டியதோடு நிறுத்தினாளா?

"அழாதீங்க சம்பந்தி, எல்லாம் சரியாயிடும்" என்றாள். பட்டை ஓடுகிற சத்தத்தையும் மீறிப் பதினான்கு பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அழுகிறதற்குக் காரணமும் கையில் தயாராக வைத்திருந்தாள். என் மகளுக்கு வேறு ஊரில், ரயிலில் ஒரு ராத்திரி போக வேண்டிய தூரத்தில், பெரிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைக்கும் போல இருந்தது. இங்கே அவள் ஒரு இருட்டுச் சந்தில் சின்னக் கூடத்தில் மூத்திரக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். படித்த படிப்புக்கு அது அநியாயம். மாப்பிள்ளை மெக்கானிக். "எந்த ஊர்லயும் வண்டி ரிப்பேர் ஆகத்தானே செய்யும்" என்று அவர் கிளம்பத் தயார். சம்பந்திக்கு மகனை அனுப்ப மனசில்லை. ஆனால் அதை மகனிடம் சொன்னால் தன் மரியாதை போய்விடும். அந்த நேரம் பார்த்து என் கண்ணில் தண்ணீர் வந்தது. மகள் பிரிந்து போகிறாளே என்று தாய் தினமும் அழுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை கேட்டிருக்கிறோம். இந்த ஓநாய் அதைவிடக் கெட்டிக்காரி, தான் அழாமல் ஆட்டை அழவைத்துவிட்டது.

நானும் மறுத்துப் பேச முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டேன். மேசையில் இருக்கிற ஒருத்திக்குக் கண்ணில் கோளாறு என்று மேலாளருக்குத் தெரிந்தால் மறுநாளே அட்டைப்பெட்டி மடிக்கிற கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததில்லை. என் வேலையில் எனக்குப் பெருமை உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும்? இந்த ஊரில் இருமுகிற பிள்ளைகளில் பாதிப்பேர் நான் பார்த்து அனுப்பிய பாட்டிலிலிருந்துதான் குடித்திருக்கிறார்கள். எனவே வாயை மூடிக்கொண்டேன். அழுமூஞ்சி என்று சொன்னாலும் பரவாயில்லை, நாற்காலி போகாமல் இருந்தால் சரி என்று இருந்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். கண் சிவந்து கிடக்கிறதே என்று கடையில் நானே ஒரு சொட்டு மருந்தைக் கையை நீட்டிக் கேட்டு வாங்கினேன். அட்டையில் பளிச்சென்று வெள்ளைக் கண் படம் போட்டிருந்தது. விட்டதும் சிவப்பு போனது. இரண்டு மணி நேரத்தில் முன்னைவிடச் சிவப்பாக வந்தது. மறுபடி விட்டேன். மூன்று வாரம் இப்படி விட்டதில் கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்ட கதையாகி, தண்ணீர் இரண்டு பங்காகக் கொட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வேலை உறுதியாகிவிட்டதாம். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டுமாம்.

"சொல்லிட்டியா?" என்றேன்.

"சொல்லப் போறதில்ல."

"ஏன்?"

"நீ தினமும் மேசைல உக்காந்து அழறியாமே. அத்தை சொன்னாங்க. உன்ன இப்படி விட்டுட்டு நான் போய் என்னத்தச் சாதிக்கப் போறேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த டம்ளரை வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் மேசையில் சிந்தியது. "யாருடி அழறது? கண்ணு காஞ்சு போயிருக்கு எனக்கு."

"காஞ்சு போனா தண்ணி எப்படிம்மா வரும்?"

 அந்தக் கேள்வியை நானே நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துச் சனியன் பிடித்த இடது கண் வேறு வழிந்தது. மகள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். தள்ளிவிட்டேன். அதையும் அவள் பாசம் என்றே எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நேரே மருந்துக் கடைக்குப் போனேன். பழைய கடை இல்லை, ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பெரிய கடை. அங்கே இருந்த மருந்தாளுநர் ஒரு நடுவயதுக்காரர், சிரித்தால் கடைக்கு நஷ்டம் என்கிற மாதிரி முகம். என் பழைய சொட்டு மருந்தை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டார்.

"எதுக்குங்க போட்டீங்க? இன்னும் பாதி இருக்கு!"

"இது சிவப்ப மறைக்கிற மருந்து. உங்களுக்கு வேண்டியது ஈரம். எத்தன நாளா விடறீங்க?"

"மூணு வாரம்."

"நல்லா இருக்கு. படிச்சுப் பாத்து வாங்கக் கூடாதா? என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். சிமிட்டாமல் பார்ப்போம் என்பதையும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். நான்கு டஜன் என்றேன். அவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சிமிட்டறதுதாம்மா கண்ணுக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி. நீங்க தேய்க்கறதே இல்ல. காஞ்ச கண்ணு உறுத்தும். உறுத்தினா அது பயந்துபோய்த் தண்ணியக் கொட்டும். அந்தத் தண்ணி நிக்காது, வழிஞ்சு போயிடும். அதனால மறுபடி காயும், மறுபடி கொட்டும்."

கடை நடுவில் நின்று அவரைக் கும்பிடலாம் போல இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக் கும்பிடவில்லை. அவர் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். டாக்டர் சீட்டெல்லாம் வேண்டாம், யாரும் வாங்கலாம், கண்ணுக்கு வழவழப்புத் தருகிற சொட்டு என்றார். ஒவ்வொன்றும் ஒரு தடவை உடைத்து விடுகிற குட்டிக் குழாய்கள். ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு, கீழ் இமையை இழுத்துவிட்டு, முனை கண்ணில் படாமல். விட்டதும் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மிச்சத்தை மூடி வைத்து நாளைக்கு விடக் கூடாது. வலி வந்தாலோ பார்வை மங்கினாலோ பத்து நாளில் சரியாகாவிட்டாலோ கண் டாக்டரிடம் போக வேண்டும், தன்னிடம் வந்து நிற்கக் கூடாது. இத்தனையும் ஒரே மூச்சில், திட்டுகிற குரலில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று தலையை அண்ணாந்து குழாயைப் பிடித்தேன். சொட்டு திரண்டு, வெளிச்சத்தில் உருண்டையாகத் தொங்கியது. பார்த்தால் அசல் குமிழி. பதினான்கு வருடப் பழக்கம், என் வலது கை தானாக எழுந்து குழாயை ஒரு தட்டுத் தட்டியது. அது போய்ச் சோப்பில் விழுந்தது. இரண்டாவது குழாயும் அப்படியே. மூன்றாவதுக்கு வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிப் பாவாடை நாடாவில் செருகிக்கொண்டு, இடது கையால் விட்டேன். நல்லவேளை, பார்க்க யாரும் இல்லை.

சொட்டு விழுந்து கண்ணை மூடியபோது, நான்கு மாதமாக உள்ளே உரசிக்கொண்டிருந்த ஒன்று நின்றது. அவ்வளவு சுகமாக இருந்தது. ஒரு நிமிடம் என்று சொன்னார், நான் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு குளியலறையிலேயே நின்றேன். புதன்கிழமைக்குள் மேசையில் தண்ணீர் வழிவது பாதிக்கு மேல் நின்றுவிட்டது. இடைவெளி வந்தால் வேண்டுமென்றே இரண்டு தரம் சிமிட்டினேன். சம்பந்தி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு வேலை முடிந்ததும் மகளுக்கு போன் செய்தேன். "இப்ப கண்ணுல தண்ணியே வரல. உன் மாமியார்கிட்டயே கேளு."

"கேட்டேம்மா. நீ இப்ப அழுகையக்கூட அடக்கிட்டு மரம் மாதிரி உக்காந்திருக்கியாம். அதப் பாக்கத்தான் ரொம்ப பயமா இருக்குன்னு சொன்னாங்க."

அழுதாலும் குற்றம், அழாவிட்டாலும் குற்றம். அந்த போனைச் சுவரில் எறியாமல் வைத்தது நான் செய்த புண்ணியம்.

வியாழக்கிழமை இடைவேளையில் சொட்டு விடக் கழிப்பறைக்குப் போனேன். கடைசிக் கண்ணாடி முன் ஒருத்தி தலையை அண்ணாந்து, கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து, மற்றக் கையில் ஒரு குட்டிக் குழாயோடு நின்றாள். சொட்டு சரியாக உள்ளே விழுந்தது. கை நடுங்கவில்லை, தட்டவில்லை. எவ்வளவு பழகிய கை! என் சம்பந்தியின் கை.

கதவைச் சாத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே, "யாரு?" என்றாள்.

"நான்தான். நிதானமா கண்ணத் திறங்க, ஒரு நிமிஷம் ஆகணும்."

ஒரு நிமிடம் முழுக்க அவள் கண்ணைத் திறக்கவில்லை. நானும் நகரவில்லை.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"நாலு வருஷமா."

"அப்ப என் கண்ணுல வர்றது என்னன்னு உங்களுக்கு முதல் நாளே தெரியும்."

"தெரியும்." கண்ணைத் திறந்தாள். வெட்கப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு மண்ணும் இல்லை. "நான் அப்படிச் சொல்லலைன்னா மேலாளர் உங்கள எப்பவோ பெட்டி மடிக்க அனுப்பியிருப்பாரு. அழற கண்ணுக்கு இங்க இடம் உண்டு, கெட்ட கண்ணுக்கு இல்ல. நீங்க எனக்கு நன்றி சொல்லணும்."

"மேசைல சொன்னீங்க, சரி. என் பொண்ணுகிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

அவள் காலிக் குழாயைக் காகிதத்தில் சுற்றினாள். அதைச் சுற்ற அவ்வளவு நேரம் தேவையில்லை.

"எனக்கு ஒரே புள்ள" என்றாள்.

"எனக்கும் ஒண்ணுதான்."

"நீங்க விட்டுடுவீங்க. உங்களால முடியும். உங்களுக்கு மனசு கல்லு. எனக்கு அப்படி இல்ல."

பதினான்கு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் என்னைப் பற்றிக் கண்டுபிடித்தது இது. கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். விட்டிருந்தால் அந்தச் செய்தியும் சாயங்காலத்துக்குள் என் மகளிடம் போயிருக்கும்.

"இன்னைக்கு ராத்திரிக்குள்ள நீங்களே அவகிட்ட உண்மையச் சொல்லிடுங்க. இல்லைன்னா மேலாளர்கிட்ட உங்க நாலு வருஷத்த நான் சொல்லுவேன்."

"தாராளமா சொல்லுங்க" என்றாள். "அடுத்த நிமிஷம் உங்க நாலு மாசத்த நான் சொல்லுவேன். ரெண்டு பேரும் சேந்தே பெட்டி மடிக்கலாம், சம்பந்தி."

கைப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலை ஐந்து டஜன் சிமிட்டாமல் பார்த்தாள், எனக்குக் காட்டுவதற்காகவே.

இரவு முழுக்க எனக்குள் ஒரே சண்டை. என் கண் சரியாகிக்கொண்டு வருகிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் இந்த நாற்காலியில் ஓய்வு பெறும்வரை உட்காரலாம். மகளும் பக்கத்துத் தெருவிலேயே இருப்பாள், குப்பிக்குப் பெயர் ஒட்டிக்கொண்டு, நல்ல மகள் என்று பெயர் எடுத்துக்கொண்டு. பிறகு ஒரு நாள், பத்து வருடம் கழித்து, உன்னால்தான் என்று என் முகத்துக்கு நேரே சொல்லுவாள். சொல்லாவிட்டால் இன்னும் மோசம்.

வெள்ளிக்கிழமை காலை முதல் இடைவேளையில் மேலாளரின் அறைக்குப் போனேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஒரு பாட்டில் தப்பிப் போனாலும் அதை அவர்தான் கண்டுபிடிப்பார்.

"வாங்கம்மா. வீட்டு விஷயமா? ரெண்டு நாள் லீவு வேணும்னா எடுத்துக்கங்க. பெத்த மனசு, நான் புரிஞ்சுக்கறேன்."

"பெத்த மனசெல்லாம் இல்ல சார். எனக்குக் கண்ணு வறண்டு போச்சு. நாலு மாசமா. தண்ணி அதனாலதான் வருது. எழுதிக்கங்க."

அவர் பேனாவை எடுக்கவில்லை. "இப்பதான் நின்னுடுச்சே. நேத்துப் பாத்தேன், ஒரு பாட்டில்கூடத் தப்பல. பேசாமப் போய் உக்காருங்க."

"எழுதிக் குடுங்க சார். மேசைலேருந்து மாத்தறதா, என்ன காரணம்னு தெளிவா எழுதிக் குடுங்க. முத்திரையோட."

"எழுதினா அப்புறம் நானே நெனச்சாலும் உங்களத் திரும்ப உக்கார வைக்க முடியாது, தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"உங்களுக்குச் சொன்னாப் புரியாது. எழுதுங்க."

எழுதினார். எழுதிவிட்டு, "மேசைல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்றார்.

கண்ணாடித் தடுப்பு வழியாகச் சம்பந்தியின் முதுகு தெரிந்தது. சொல்லியிருப்பேன். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொன்னால் இது இரண்டு சம்பந்திகளின் சண்டை ஆகிவிடும், என் கையிலிருக்கிற காகிதத்தை மகள் நம்ப மாட்டாள். அவள்மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

"என் கண்ணப் பத்தி மட்டும் கேளுங்க" என்றேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கு நடந்தேன். மகள் அப்போதுதான் காலை வேலை முடிந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரு என்றாள். உட்காரவில்லை. காகிதத்தை நீட்டினேன்.

நின்றபடியே படித்தாள். ஒருமுறை, பிறகு மறுபடி முதலிலிருந்து. முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மேசைலேருந்து எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

"நிஜமாவே கண்ணுதானா?"

"அதான் எழுதியிருக்கே. நாலு மாசம். இப்ப மருந்து விடறேன், சரியாயிட்டு வருது. மணி ஒண்ணேகால். நீ போன் பண்ணணும்."

அவள் காகிதத்தை மடிக்கவில்லை. "அப்ப நான் போறேன்னு நீ ஒரு நாள்கூட அழலையா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அவள் முகத்தில் கோபம் இல்லை. ஐந்து வயதில் பள்ளிக்கூட வாசலில் நான் கையை விட்டபோது, திரும்பிப் பார்க்காமல் நடப்பதற்கு முன் கடைசியாகப் பார்த்த முகம். ஒரு நாள் அழுதேன் என்று சொன்னால் போதும். மாமியார் சொன்னது கொஞ்சமாவது நிஜம் என்று ஆகும், போன் செய்யாமல் மறுபடி துணி மடிக்க உட்கார்ந்துவிடுவாள்.

"இல்ல" என்றேன்.

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்ல. எனக்கு அழறதுக்கு நேரமும் இல்ல. போன் பண்ணு."

காகிதத்தை மடித்துத் துணிமேல் வைத்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு, அந்நியர்களிடம் பேசுகிற சுத்தமான குரலில், வருகிறோம், முதல் தேதியே வேலையில் சேர்ந்துகொள்கிறேன் என்று சொன்னாள். பேசி முடித்த பிறகும் திரும்பவில்லை.

"சொல்லிட்டேன்" என்றாள். "நீ கிளம்பு, உனக்கு நேரமாகுது."

வாசல்வரை வரவில்லை. தெருவில் இறங்கி நடந்தேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நெஞ்சு கொதித்துக்கொண்டு வந்தது. திரும்பிப் போய்க் கதவைத் தட்டி, அடி முட்டாளே, நாற்காலியை விட்டது யாருக்காக என்று ஆரம்பிக்கலாமா என்று முக்குவரை யோசித்தேன். இரண்டு மணிக்குப் பெட்டி மடிக்கிற கூடத்தில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். அங்கே யாரையும் எனக்குத் தெரியாது.